அடைபட்ட வண்டித்தடம்: கோட்டாட்சியரா, நீதிமன்றமா, பத்திரமா?

தோட்டத்துக்குப் போகும் வண்டித்தடத்தின் குறுக்கே பக்கத்து நிலத்துக்காரர் கல்கால் நட்டுக் கம்பி கட்டிவிட்டால், அன்று மாலைக்குள் ஆளுக்கொரு யோசனை வந்து சேரும். ஜேசிபியை வரவழைத்துப் பிடுங்கிப் போடு என்பார் ஒருவர். காவல் நிலையத்தில் மனு கொடு என்பார் இன்னொருவர். கலெக்டரிடம் போ, வக்கீலைப் பார், ஊர்ப் பெரியவர்களைக் கூட்டு என்று பட்டியல் நீளும். முதல் யோசனையைத் தவிர மற்ற எல்லாம் ஏதோ ஒரு வகைத் தகராறுக்குப் பொருந்துபவைதாம். உங்கள் தகராறு எந்த வகை என்று தெரியாமல் தவறான அலுவலகத்துக்கு அலைந்து ஓராண்டைக் கழித்தால்தான் ஆபத்து. இந்த விஷயத்தில் சட்டம் சில காலக்கெடுக்களை வைத்திருக்கிறது; அவை உங்களுக்காகக் காத்திருப்பதில்லை.

வழி அடைபட்ட நிலத்துக்கு என்ன நேரும் என்பதைக் கிராமத்தில் எல்லோரும் அறிவார்கள். உரமூட்டை தலைச்சுமையாகப் போக வேண்டும். கரும்பு வெட்டினால் லாரி நிற்கும் இடம் வரை சுமக்கத் தனிக் கூலி. அறுவடை இயந்திரம் உள்ளே வராது. விற்றுவிடலாம் என்றால் வெளியாள் வாங்க மாட்டார்; வாங்கக்கூடிய ஒரே ஆள், வழியை அடைத்தவர். எல்லாத் தகராறும் இந்த நோக்கத்தில் தொடங்குவதில்லை. ஆனால் பின்னால் இருக்கும் நிலம் கணவனை இழந்த பெண்ணுடையதாகவோ, வெளியூரில் வேலை பார்க்கும் தம்பியுடையதாகவோ இருக்கும் இடங்களில் அந்த நோக்கத்தைச் சந்தேகிக்க நான் தயங்க மாட்டேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டா நிலத்துக்குள் ஓடும் தடத்துக்குக் கடைசிவரை காவலாக நிற்பது, அளந்து, எழுதி, பதிவு செய்த பத்திரம் ஒன்றுதான். கோட்டாட்சியர் உத்தரவும் உரிமையியல் வழக்கும் பல நேரங்களில் அந்தப் பத்திரத்தை எழுத எதிர்த்தரப்பை உட்கார வைக்கும் வழிகள். சில நேரங்களில் மட்டும் அவையே கடைசிப் புகலிடம்.

தடம் யார் நிலத்தில் கிடக்கிறது?

எந்த வழியையும் எடைபோடுவதற்கு முன் இந்தக் கேள்விக்கு விடை வேண்டும். உங்கள் சர்வே எண்ணுக்கும், தடம் கடந்து வரும் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் பட்டா, நிலம் எந்த வகை என்று சொல்லும் அ-பதிவேட்டின் படி, அதன் எல்லைகளையும் அளவுகளையும் காட்டும் புலப்பட வரைபடம் மூன்றையும் எடுங்கள். தமிழ்நாடு அரசின் நிலப் பதிவு இணையதளத்திலேயே இவை கிடைக்கின்றன. கிராம வரைபடத்தையும் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றில் ஒன்றைப் பார்ப்பீர்கள். தடத்துக்குத் தனி எண்ணோ உட்பிரிவோ இருந்து, அ-பதிவேட்டில் அது வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று இருக்கலாம். அப்படியானால் அது அரசு நிலம், அடைத்தவர் ஆக்கிரமிப்பாளர். அல்லது பக்கத்துக்காரரின் பட்டா எண்ணுக்குள்ளேயே புள்ளிக்கோடுகளாகத் தடம் வரையப்பட்டிருக்கலாம். அளந்த காலத்தில் அங்கே தடம் இருந்தது என்பதற்கு அது நல்ல சாட்சி. நிலம் மட்டும் அவருடையதுதான். அல்லது வரைபடத்தில் எதுவுமே இல்லாமல் இருக்கலாம்.

மூன்றாவது நிலை என்றால் சோர்ந்துவிட வேண்டாம். 1979 முதல் 1987 வரை நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்துக்கு, ஊர் வழக்கில் யு.டி.ஆருக்கு, முந்தைய பழைய வரைபடத்தையும் பதிவேட்டையும் நகல் மனு போட்டோ தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழோ கேட்டு வாங்குங்கள். புதிய பதிவேட்டில் விடுபட்ட தடம் பழையதில் இருக்கக்கூடும்.

காகிதம் மட்டும் போதாது, நிலத்தையும் பாருங்கள். காங்கேயம், தாராபுரம் பக்கத்தில் பழைய தடங்களின் இருபுறமும் கிளுவை வேலி தடித்துப் போய் நிற்கும். இட்டேரி என்றே அதற்குப் பெயர். ஒரு பக்க வேலியைப் பிடுங்கி நிலத்தோடு சேர்த்துவிட்டாலும் மறுபக்கத்து வேலியின் அடிமரம் வயதைச் சொல்லும். தென்னந்தோப்பு என்றால் வரிசைகளின் இடைவெளியை அளந்து பாருங்கள். மற்ற வரிசைகள் எல்லாம் 25 அடிக்கு ஒன்றாக நிற்க, ஒரே ஓர் இடைவெளி மட்டும் 35 அடியாக இருந்தால், நட்டவர் அங்கே தடத்துக்கு இடம் விட்டுத்தான் நட்டிருக்கிறார். கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இவை அழிக்கப்படுவதற்கு முன் எடுக்க வேண்டும்.

உரிமைக்கு வேர் எங்கே?

தடம் பட்டா நிலத்தில்தான் என்று ஆனால், 1882-ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டம் பேச ஆரம்பிக்கிறது. வசதியுரிமை என்றால், தன் நிலத்தை அனுபவிப்பதற்காக அடுத்தவர் நிலத்தின் மீது ஒருவருக்கு இருக்கும் உரிமை. நடைமுறையில் மூன்று வேர்கள்.

ஒன்று, எழுத்து. அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்தபோது எழுதிய பாகப்பிரிவினைப் பத்திரத்தில், "தென்புற ஓரமாக 10 அடி அகலத்தில் ஆட்கள், கால்நடைகள், வண்டிகள் போகவர பாத்தியம்" என்று இருந்தால் அதைவிட வலுவானது வேறில்லை. இப்படி எழுத்தில் கொடுத்த உரிமை, வேறு வழி கிடைத்துவிட்டது என்பதற்காக அற்றுப்போகாது என்று தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு மேல்முறையீட்டில் 2006-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் எச்சரிக்கை: கிரயப் பத்திரங்கள் பலவற்றின் கடைசியில் "மாமூல் வழித்தட பாத்தியங்கள் சகிதம்" என்று ஒரு வரி வரும். அதைக் காட்டி வழி கேட்கிறவர்கள் நிறையப் பேர். உங்களுக்கு விற்றவரும் நீங்களும் கையெழுத்திட்ட தாள் அது. பக்கத்துக்காரர் அதில் இல்லை. விற்றவருக்கு உண்மையிலேயே இருந்த உரிமை உங்களுக்கு வரும். இல்லாத உரிமையை அந்த வரி உருவாக்காது. ஆகவே பின்னோக்கிப் போய் மூலப் பத்திரத்தைத் தேடுங்கள்.

இரண்டு, தேவை. சட்டத்தின் 13-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. என் நிலத்துக்கு வேறு வழியே இல்லை, ஆகவே பக்கத்துக்காரர் விட்டே தீர வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். அது பாதி உண்மை. இரண்டு நிலமும் ஒரு காலத்தில் ஒரே உடைமையாக இருந்து, விற்பனையாலோ பாகப்பிரிவினையாலோ உயிலாலோ பிரிந்திருக்க வேண்டும். அப்படிப் பிரிந்ததால் ஒன்று வழியில்லாமல் போயிருக்க வேண்டும். சுற்றிப் போக வேறு தடம் இருந்தால், அது எவ்வளவு சிரமமானதாக இருந்தாலும், இந்த வேர் அறுந்துவிடும். பின்னாளில் வேறு வழி கிடைத்தாலும் இந்த உரிமை முடிந்துவிடும்.

மூன்று, நெடுநாள் அனுபவம். 20 ஆண்டுகள் இடைவிடாமல், வெளிப்படையாக, சச்சரவின்றி, உரிமையோடு பயன்படுத்தி வந்திருக்க வேண்டும். அரசு நிலமானால் 30 ஆண்டுகள். அந்த அனுபவம், வழக்குப் போடும் நாளுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் முடிந்ததாக இருக்க வேண்டும் என்று 15-ஆம் பிரிவு சொல்கிறது. அடைத்தது தெரிந்தும் ஓராண்டு பேசாமல் இருந்துவிட்டால் அனுபவம் அறுந்ததாக ஆகும். தாத்தா காலத்திலிருந்து போய்வருகிறோம் என்று பொதுவாகச் சொன்னால் நீதிமன்றம் ஏற்பதில்லை. எந்த ஆண்டு முதல், எந்தப் பக்கமாக, எத்தனை அடி அகலத்தில், என்ன வண்டியில் என்று சொல்லி நிரூபிக்க வேண்டும்.

"உரிமையோடு" என்ற சொல்லில்தான் பல பேர் மாட்டிக்கொள்கிறார்கள். கம்பி கட்டியவுடன் பதறிப்போய், "பெரியப்பா, இந்த ஒரு போகத்துக்கு மட்டும் வழிவிடுங்கள், அடுத்த வருடம் வேறு ஏற்பாடு செய்துகொள்கிறோம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். பணிவாகத்தான் எழுதினார்கள். ஆனால் நீங்கள் அனுமதியின்பேரில் போகிறவர் என்பதற்கு அந்தத் தாள் உங்கள் கையெழுத்தோடு சாட்சியாகிவிடுகிறது. அனுமதியைக் கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். காவல் நிலையத்திலோ ஊர்க் கூட்டத்திலோ எழுதி வாங்கும் தாளுக்கும் இதே கதிதான். வாயால் எவ்வளவு பணிவாகவும் பேசுங்கள். எழுத்தில் "எங்கள் வழித்தட உரிமைக்கு ஊறு இல்லாமல்" என்ற சொற்கள் இல்லாத எதிலும் கையெழுத்திடாதீர்கள்.

பிடுங்கிப் போடுவதும் காவல் நிலையமும்

முதலாவதைச் சட்டமே மூடிவிட்டது. உங்கள் பக்கம் முழு நியாயம் இருந்தாலும், தடையை நீங்களே அகற்றக் கூடாது என்று வசதியுரிமைச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு சொல்கிறது. வேலியைப் பிடுங்கினால் அன்று வரை பாதிக்கப்பட்டவராக இருந்த நீங்கள் மறுநாள் குற்றம் சாட்டப்பட்டவர்.

காவல் நிலையத்தால் கிடைப்பது குறைவு. வழிமறித்தல் என்று வழக்குப் பதியச் சொல்வார்கள். ஆனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 126-ஆம் பிரிவிலேயே ஒரு விலக்கு இருக்கிறது: தனியார் வழியை மறிக்கத் தனக்கு உரிமை உண்டு என்று ஒருவர் நல்லெண்ணத்தோடு நம்பினால் அது குற்றமாகாது. இருந்தாலும் மனு ஒன்று கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கி வைப்பது நல்லது. எந்தத் தேதியில் அடைத்தார்கள் என்பதற்கு அது ஆதாரம். அந்தத் தேதி பிறகு உதவும்.

கலெக்டர் மனு

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு, விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு, ஜமாபந்தியில் மனு. தடம் புறம்போக்கு என்றால் இதுவே முதல் வழி, சிறந்த வழி. 1905-ஆம் ஆண்டு தமிழ்நாடு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் கீழ் அறிவிப்புக் கொடுத்து அகற்றும் அதிகாரம் வருவாய்த் துறைக்கு இருக்கிறது. ஊராட்சிச் சாலை என்றால் ஊராட்சிக்கும் பொறுப்பு உண்டு. மனுவில் சர்வே எண், அ-பதிவேட்டு நகல், வரைபடத்தில் குறிக்கப்பட்ட இடம் மூன்றும் இருக்கட்டும். அளந்து காட்டும்படியும் கேளுங்கள். மனு கிடப்பில் கிடந்தால் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை கேட்டு, குறிப்பிட்ட காலத்துக்குள் முடிவெடுக்க உத்தரவு வாங்கலாம்.

பட்டா நிலத்துத் தடத்துக்கு இதே வழியில் போனால் வரும் பதில் பெரும்பாலும் ஒரே வாக்கியம்: "இது தனிநபர் பட்டா நிலம் சம்பந்தப்பட்டது என்பதால் உரிமையியல் நீதிமன்றத்தை அணுகிப் பரிகாரம் தேடிக்கொள்ளலாம்." சட்டப்படி அந்தப் பதில் சரியானதே. வேதனை என்னவென்றால், அந்த ஒரு வாக்கியத்துக்காகப் பலர் மாதக்கணக்கில் காத்திருந்து, அடுத்துச் சொல்லப்போகும் வழியை இழந்துவிடுகிறார்கள்.

கோட்டாட்சியர்: மூன்று மாதக் கெடு

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 147 என்றிருந்த பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவில் 166-ஆம் பிரிவாக இருக்கிறது. நிலத்தையோ தண்ணீரையோ பயன்படுத்தும் உரிமை பற்றிய தகராறு அமைதிக் குலைவுக்கு வழிவகுக்கும் என்று தெரிந்தால், கோட்டாட்சியர் நிர்வாக நடுவர் என்ற முறையில் இரு தரப்பையும் அழைத்து விசாரித்து, பயன்பாட்டில் தலையிடக் கூடாது என்று தடை போடலாம். நான் பார்த்தவரை கிராமங்களில் இந்தப் பிரிவைத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

நிபந்தனை: தகவல் கிடைப்பதற்கு முந்தைய மூன்று மாதங்களுக்குள் அந்த வழியை நீங்கள் பயன்படுத்தியிருக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் மட்டும் பயன்படும் தடம் என்றால் கடைசியாக வந்த அந்தப் பருவத்தில் பயன்படுத்தியிருந்தால் போதும். சி.எஸ்.ஆர். ரசீது உதவுவது இங்கேதான். கடைசியாகக் கரும்பு ஏற்றிய லாரியின் எடைச்சீட்டு, உழவு ஓட்டியதற்கு டிராக்டர்காரர் கொடுத்த ரசீது, உரக்கடை வண்டி வந்த தேதி எல்லாம் சேர்த்துக் கொடுங்கள்.

வழக்கோடு ஒப்பிட்டால் இது விரைவானது, செலவு குறைவு. விசாரணைக்கு முன்பே வட்டாட்சியர் அமைதிப் பேச்சுவார்த்தைக் கூட்டம் நடத்துவதும் உண்டு. அங்கேயே சில தகராறுகள் தணியும். குறை என்ன? உரிமை யாருடையது என்ற கேள்விக்கு இது இறுதி விடை அல்ல. உரிமையியல் நீதிமன்றம் பின்னர் வேறு மாதிரி தீர்ப்பளித்தால் அதுவே நிற்கும். அமைதிக் குலைவு என்ற அம்சம் இல்லாவிட்டால் கோட்டாட்சியருக்கு அதிகாரமே பிறக்காது. அதற்காகச் சண்டையை வளர்த்துக் காட்டும் முட்டாள்தனத்தில் யாரும் இறங்க வேண்டாம். நிற்கும் பயிரை வெளியே கொண்டுவர வேண்டிய அவசரத்தில் இருப்பவருக்கு நான் சொல்லும் முதல் வழி இதுதான்.

உரிமையியல் வழக்கு

முழு விடை தரக்கூடிய இடம் நீதிமன்றம். மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்தில் வழித்தட உரிமை உண்டு என்ற விளம்புகை, தலையிடக் கூடாது என்ற நிரந்தர உறுத்துக்கட்டளை, நட்ட கல்லை அகற்றச் சொல்லும் செயலுறுத்துக் கட்டளை மூன்றையும் சேர்த்துக் கேட்பார்கள். கூடவே இடைக்கால உத்தரவு கேட்டு ஒரு மனுவும், நேரில் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையரை அனுப்பும்படி ஒரு மனுவும் போகும்.

ஆணையர் வருகை வழக்கின் போக்கையே தீர்மானிக்கக்கூடியது. இரு தரப்பு ஆட்களும் பின்னால் நின்று உரக்கப் பேச, நில அளவையர் சங்கிலி பிடிக்க, அவர் அன்று கண்ணால் கண்டதை எழுதிவிட்டுப் போவார். புதிதாக நட்ட கல்காலின் அடியில் மண் இன்னும் இறுகாமல் கிடப்பது, கம்பிக்கு அப்புறமும் இப்புறமும் சக்கரம் பதிந்த இரண்டு பள்ளங்கள் தொடர்ந்து ஓடுவது, நடுவில் மட்டும் புதிதாக உழுது அவற்றை மறைத்திருப்பது, இவற்றை எல்லாம் சுட்டிக்காட்டி எழுதச் சொல்ல வேண்டும். ஒரு மழைக்குப் பிறகு ஆணையர் வந்தால் பார்க்க ஒன்றும் இருக்காது. ஆகவே வழக்கோடு சேர்த்தே அந்த மனுவும் போக வேண்டும். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களும் கிடைக்கின்றன. தடம் கோடாகத் தெரிந்தால் துணைச் சான்றாக உதவும்.

வழக்கில் தோற்பவர்களில் பலர் நியாயம் இல்லாமல் தோற்பதில்லை. மனுவில் எல்லாவற்றையும் கலந்து எழுதித் தோற்கிறார்கள். தடம் எனக்கே சொந்தம் என்று ஒரு பத்தியிலும், பக்கத்து நிலத்தின் மீது எனக்கு வசதியுரிமை உண்டு என்று அடுத்த பத்தியிலும் எழுதினால் ஒன்றை ஒன்று வெட்டும். தன் நிலத்தின் மீதே ஒருவருக்கு வசதியுரிமை இருக்க முடியாது. வேறு வழியே இல்லை என்று எழுதிவிட்டு, மேற்கே ஊராட்சிச் சாலை இருப்பது ஆணையர் வரைபடத்தில் தெரிந்தால் தேவை என்ற வேரும் போய்விடும். எந்த வேரை நம்பி நிற்கிறோம் என்று வழக்கறிஞரோடு உட்கார்ந்து முடிவு செய்த பிறகே மனு எழுதப்பட வேண்டும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். ஒரு வகை வழியுரிமை இன்னொரு வகையைத் தராது என்று சட்டத்தின் 28-ஆம் பிரிவு சொல்கிறது. வரப்பு மேல் நடந்து போன உரிமை டிராக்டர் ஓட்டும் உரிமை ஆகாது. விவசாயத்துக்குப் போய்வந்த தடத்தை, பின்னிலத்தை வீட்டுமனைகளாகப் பிரித்து விற்று ஐம்பது குடும்பங்களின் சாலையாக ஆக்கவும் முடியாது. தன் நிலத்தில் மாற்றம் செய்து, தடத்தைத் தாங்கும் நிலத்தின் மீது சுமையைக் கூட்டக் கூடாது என்பது 29-ஆம் பிரிவு. எதிர்த்தரப்பு கம்பி கட்டியதற்குக் காரணம் பல நேரங்களில் இந்தப் பயம்தான். அது நியாயமான பயம்.

காலம் பெரிய குறை. உரிமையியல் நீதிமன்றம், சார்பு நீதிமன்றம், உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் மேல்முறையீடு என்று ஏறினால் வழக்குப் போட்டவரின் பிள்ளைகள்தான் தீர்ப்பைப் பார்ப்பார்கள். இடைக்கால உத்தரவு கிடைத்தால் காத்திருக்கலாம். கிடைக்காவிட்டால் அத்தனை ஆண்டும் நிலம் தரிசு. தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தாலும், நீங்கள் தினமும் கடந்து போக வேண்டியது தோற்றவரின் வாசலைத்தான்.

மக்கள் நீதிமன்றம்

வழக்குப் போடுவதற்கு முன்பே வட்ட சட்டப்பணிகள் குழுவில் மனுக் கொடுத்து எதிர்த்தரப்பை வரவழைக்கலாம். சமரசம் ஆனால் அது நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அதன்மீது மேல்முறையீடு இல்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது இங்கே முடித்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவானாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. எதிர்த்தரப்பு வர மறுத்தால் இங்கே எதுவும் செய்ய முடியாது. ஊர்க் கூட்டத்தில் வாய்மொழியாகப் பேசி முடித்த ஏற்பாட்டைவிட இது எவ்வளவோ மேல். ஊர்க் கூட்டத்தில் பேசியது, பேசியவர்கள் உயிரோடு இருக்கும் வரைதான்.

எழுதிப் பதிவு செய்வது

நான் மிகவும் வலியுறுத்தும் வழி இது. இதிலும் நான்கு வகை. தடம் விழும் நிலத்தையே கிரயம் வாங்கலாம். உங்கள் நிலத்தில் அதே அளவைக் கொடுத்துப் பரிவர்த்தனை செய்யலாம். நிலம் அவருடையதாகவே இருக்க, போகவரும் உரிமையை மட்டும் பத்திரமாக வாங்கலாம். பின்னால் பல குடும்பங்களின் நிலம் இருந்தால், எல்லோருமாக விலை கொடுத்து, தடத்தை ஊராட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்கச் செய்யலாம். அப்போது அது பொதுச் சாலை. ஊராட்சி நிதியில் செப்பனிட முடியும். ஆனால் யார் வேண்டுமானாலும் வரலாம் என்பதையும் ஏற்க வேண்டும்.

செலவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 அடி அகலம், 300 அடி நீளம் என்றால் 3,000 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால் ஏறக்குறைய 6.9 சென்ட். அந்தப் பக்கம் ஏக்கர் 30 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நிலத்தின் விலை சுமார் 2,07,000 ரூபாய். கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் சேர்த்தால் இன்னும் சுமார் 18,600 ரூபாய். எதிர்த்தரப்பு இரண்டு மடங்கு விலை கேட்டாலும், மூன்று நீதிமன்றங்களுக்கு ஆகும் செலவையும் தரிசாகப் போடும் ஆண்டுகளையும் பக்கத்தில் வைத்துத்தான் அந்த விலையைப் பார்க்க வேண்டும். இருக்கும் உரிமைக்கே விலை கொடுப்பதா என்ற கோபம் எனக்குப் புரிகிறது. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அகலத்தோடு எழுதப்பட்டிருந்தால் அந்தக் கோபம் நியாயம். ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். எழுத்து இல்லாமல் அனுபவத்தை மட்டும் நம்பி நிற்கிறவர் கோபத்தை ஒதுக்கி வைத்துக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

பரிவர்த்தனைதான் பெரும்பாலும் இரு தரப்பையும் சமாதானப்படுத்துகிறது, குறிப்பாகப் பங்காளிகளுக்குள். அங்கே பணம் கேட்பதும் கொடுப்பதும் மானப் பிரச்சினை ஆகிவிடுகிறது. மண்ணுக்கு மண் என்றால் யாரும் தாழ்ந்துபோவதில்லை. தோப்பின் நடுவே ஓடும் தடத்தை எல்லை ஓரமாக மாற்றிக்கொள்ள நீங்கள் சம்மதித்தால், அடைத்தவர் பாதி இறங்கி வந்துவிடுவார். நடுவில் தடம் இருந்தால் அவருக்குத் தண்ணீர்க் குழாய் போடவும் உழவு ஓட்டவும் இடைஞ்சல் என்பது உண்மை.

உரிமையை மட்டும் எழுதுவதானால் பத்திரத்தில் சில விவரங்கள் விடுபடக் கூடாது. அகலம் எத்தனை அடி, வளைவில் எத்தனை அடி. டிராக்டர், லாரி, அறுவடை இயந்திரம் என்று வண்டிகளின் பெயர். தண்ணீர்க் குழாயும் மின்கம்பமும் அதன் ஓரமாகப் போகலாமா என்பது. வழியுரிமை இருப்பதாலேயே குழாய் பதிக்கும் உரிமை வந்துவிடாது. திருட்டுப் பயத்துக்குக் கேட் வேண்டும் என்றால் போடட்டும், சாவி இருவரிடமும் இருக்கும் என்று எழுதுங்கள். செப்பனிடும் செலவு யாருடையது, வீட்டுமனைக்குப் பயன்படுத்த மாட்டோம் என்ற உறுதி, இரு நிலத்தின் வாரிசுகளையும் வாங்குபவர்களையும் கட்டுப்படுத்தும் என்ற வாசகம், எல்லாம் வேண்டும். கூட்டுப் பட்டாவாக இருந்தால் அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டும். சென்னையில் இருக்கும் அக்காவை விட்டுவிட்டு எழுதிய பத்திரம் பின்னால் பெரிய வழக்காகும். நிலம் வங்கியில் அடமானத்தில் இருக்கிறதா என்று வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். கிரயமோ பரிவர்த்தனையோ என்றால் பதிவு முடிந்த கையோடு உட்பிரிவுக்கும் மனுக் கொடுங்கள். புலப்படத்தில் கோடு ஏறினால்தான் அடுத்த தலைமுறைக்குத் தெரியும்.

யார் எதைத் தேர்வு செய்வது?

தடம் புறம்போக்கு என்றால் வருவாய்த் துறை. பட்டா நிலத்தில் ஓடுகிறது, பயிர் நிற்கிறது, கடந்த மூன்று மாதத்துக்குள் போய்வந்திருக்கிறீர்கள் என்றால் இன்றே கோட்டாட்சியர். அதே வாரத்தில் வழக்கறிஞர் அறிவிப்பு. பாகப்பிரிவினையில் எழுத்து இருக்கிறது, எதிர்த்தரப்பு பேசவே மறுக்கிறது என்றால் தயங்காமல் உரிமையியல் வழக்கு. 20 ஆண்டு அனுபவம் மட்டும்தான் என்றால், அடைத்த தேதியிலிருந்து ஓராண்டு முடிவதற்குள் வழக்கைப் போட்டுவிட்டு, வழக்கு நிலுவையில் இருக்கும்போதே மக்கள் நீதிமன்றம் வழியாகப் பத்திரத்துக்குப் பேசுவதுதான் என் தேர்வு. வழக்குப் போட்டபின் பேசினால் காலக்கெடு ஓடிப்போகும் என்ற பயம் இல்லாமல் பேசலாம்.

எழுத்தும் இல்லை, நிலங்கள் ஒரு காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை, 20 ஆண்டும் ஆகவில்லை என்றால் உங்களுக்கு வழியுரிமை இல்லை. இதைச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த நிலையில் வழக்குப் போடச் சொல்கிறவர் உங்கள் நலனை நினைப்பவர் அல்ல. விலைக்கு வாங்குவது ஒன்றே வழி. அப்போதும் கம்பி கட்டியவரிடம் மட்டும் விலை பேசிக்கொண்டு நிற்காதீர்கள். மற்ற மூன்று பக்கத்து நிலத்துக்காரர்களையும் பாருங்கள். சாலைக்குத் தொலைவாக இருந்தாலும், எல்லை ஓரமாக 10 அடி விற்கச் சம்மதிக்கிறவர் அவர்களில் இருக்கலாம். அந்தப் பேச்சு தொடங்கிய செய்தி ஊருக்குள் போனாலே முதலாமவர் கேட்கும் விலையும் இறங்கக்கூடும்.